நியூசிலாந்தின் வெலிங்டனிலிருந்து வார இறுதி மான் வேட்டை: தரருவாவா, ருவாஹினேயா, கவேகாவா?

சனி, ஞாயிறு என்று இரண்டு நாள் இருந்தாலும், மான் வேட்டைக்கு அதில் உருப்படியாகக் கிடைப்பது இரண்டு மூன்று பொழுதுகள்தான். மான் மேய வெளியே வருவது விடியலிலும் அந்தியிலும். நடுப்பகலில் காட்டுக்குள் படுத்து அசைபோட்டுக்கொண்டிருக்கும். வெள்ளிக்கிழமை வேலை முடித்துக் கிளம்பினால் சனிக்கிழமை அந்தியும் ஞாயிறு விடியலும் உறுதி. இடம் சரியாக அமைந்தால் சனிக்கிழமை விடியலும் சேரும். காரில் போகும் ஒவ்வொரு மணி நேரமும், மூட்டையோடு மலையேறும் ஒவ்வொரு மணி நேரமும் இந்தப் பொழுதுகளிலிருந்துதான் கழிகிறது. எந்த மலையில் மான் அதிகம் என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். இந்த மூன்று பொழுதில் எத்தனை கைக்கு வரும், சுட்ட மானைத் தூக்கிக்கொண்டு ஞாயிறு மாலைக்குள் காருக்கு வந்து சேர முடியுமா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

வெலிங்டனில் இருப்பவருக்கு, ஹெலிகாப்டர் இல்லாமல் கால்நடையாகப் போக, மூன்று மலைத்தொடர்கள் இருக்கின்றன: தரருவா, ருவாஹினே, கவேகா. தெற்கிலிருந்து வடக்காக இதே வரிசையில் வருகின்றன. மூன்றிலும் பொது நிலத்தில் மான் வேட்டைக்குத் தடை இல்லை. இயற்கைப் பாதுகாப்புத் துறையான டாக் தரும் அனுமதிச் சீட்டை இணையத்தில் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். பெரும்பாலான இடங்களில் வேட்டைப் பருவம் என்ற வரம்பும் இல்லை, எண்ணிக்கை வரம்பும் இல்லை.

இதைப் படிக்கும் நம் ஊர்க்காரர்களுக்கு இது விநோதமாகத் தோன்றும். இந்தியாவில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம், அது சரியான சட்டமும்கூட. நியூசிலாந்தின் நிலைமை வேறு. வௌவால்களைத் தவிர, நிலத்தில் வாழும் பாலூட்டி எதுவும் இந்தத் தீவுகளில் இயல்பாகத் தோன்றவில்லை. மான்கள் எல்லாம் குடியேறிகள் கப்பலில் கொண்டுவந்தவை. 1862-ல் இங்கிலாந்தின் விண்ட்சர் பூங்காவிலிருந்து வெலிங்டனுக்கு வந்த சிவப்பு மான்கள் வைரரப்பா பக்கம் விடப்பட்டன. அங்கிருந்து மலைகளுக்குப் பரவின. இலங்கையிலிருந்துகூட 1870-களில் மரை வந்தது. நம் மிளாதான் அது. மனாவாட்டு கடலோரப் பகுதியில் அதன் வழித்தோன்றல்கள் இன்னும் இருக்கின்றன. புலியோ சிறுத்தையோ செந்நாயோ இல்லாத நாட்டில் மான் பெருகி, காட்டின் இளம் மரக்கன்றுகளைத் தரைமட்டமாக மேய்ந்தது. 1930-ல் அரசே மானுக்குக் கொடுத்திருந்த பாதுகாப்பை நீக்கி, சம்பளத்துக்கு வேட்டைக்காரர்களை மலைக்கு அனுப்பியது. இன்று நாம் படுத்துறங்கும் மலைக் குடில்களில் பல அவர்களுக்காகக் கட்டப்பட்டவை. மானைச் சுட்டுச் சாப்பிடுவது இந்தக் காட்டுக்கு நன்மை என்று நான் முழு மனதோடு நம்புகிறேன். சுட்டதை வீணாக்காமல் கொண்டுவருவதும் அதே கடமையின் பகுதி.

சரி, மலைகளுக்கு வருவோம்.

தரருவா பக்கத்திலேயே இருக்கிறது என்பதுதான் அதன் பெரிய பலம். மாஸ்டர்டன் அருகே இருக்கும் ஹோல்ட்ஸ்வொர்த் பாதைமுனைக்கு (காரை நிறுத்திவிட்டு நடை தொடங்கும் இடம்) வெலிங்டனிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். 1954-ல் நாட்டின் முதல் வனப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இடம். பாதைகள் நன்றாக இருக்கின்றன, ஹட்கள், அதாவது மலைக் குடில்கள், நிறைய. வெள்ளி இரவு பாதைமுனையில் தூங்கி, சனி விடியலில் பள்ளத்தாக்குக்குள் நுழையலாம். அட்டிஃபகாட்டு ஹட் வரை பாதை ஏறக்குறைய சமதளம், இரண்டரை மூன்று மணி நேர நடை. எதிர்ப்பக்கம் ஒரு முகட்டைத் தாண்டி இறங்கினால் வையோஹினே ஆற்றங்கரையில் டோடாரா ஃப்ளாட்ஸ் என்ற நீண்ட புல்வெளி. அந்தியில் மான் வெளிவர ஏற்ற இடம்.

ஆனால் அங்கே மான் கிடைப்பது எளிதல்ல. காடு நெருக்கம். கீழே கொடிகள் பின்னிய மழைக்காடு, மேலே பாசி படர்ந்த பீச் மரங்கள், அதற்கும் மேலே லெதர்வுட் என்று அழைக்கப்படும் முறுகிய புதர் வளையம். அந்தப் புதருக்குள் பாதையை விட்டு இறங்கினால் நூறு மீட்டர் கடக்க ஒரு மணி நேரம் ஆகும். காட்டுக்குள் உங்கள் பார்வை இருபது முப்பது மீட்டரோடு நின்றுவிடும். பைனாகுலரால் எதிர்ச் சரிவைத் துழாவும் வேட்டை இங்கே பெரும்பாலும் நடக்காது. ஒரு அடி வைத்து, நின்று, கேட்டு, மறு அடி வைக்கும் வேட்டைதான். அதற்குப் பொறுமை மட்டும் போதாது, அந்தக் குறிப்பிட்ட காடு பழகியிருக்க வேண்டும். எந்த ஓடைப்பள்ளத்தில் வெயில் விழுகிறது, எந்தச் சரிவில் காலையில் காற்று எப்படித் திரும்புகிறது என்பதை ஒரே வார இறுதியில் யாராலும் கற்க முடியாது.

வானிலையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். குக் நீரிணை வழியாகப் பாயும் மேற்குக் காற்று நேராகத் தரருவா முகடுகளில் மோதுகிறது. உச்சிகளில் ஆண்டுக்கு 5,000 மி.மீ.க்கு மேல் மழை. பாவெல் ஹட்டுக்கு மூன்று நான்கு மணி நேரம் ஏறி, மறுநாள் முழுவதும் மேகத்துக்குள் உட்கார்ந்துவிட்டு இறங்குவது இங்கே சாதாரணம். ஆறுகள் மழை நின்ற பிறகும் வேகமாக ஏறும். பாலம் இல்லாத இடத்தில் அக்கரையில் மாட்டிக்கொண்டால் திங்கட்கிழமை வேலையை மறந்துவிட்டுக் காத்திருக்கத்தான் வேண்டும். அப்புறம் கூட்டம். நடைபயணக் குடும்பங்கள் வார இறுதியில் பாவெல், அட்டிஃபகாட்டு பாதைகளில் வரிசையாகப் போவார்கள். பாதையை ஒட்டி வேட்டை நினைப்பே கூடாது.

ருவாஹினே எனக்கு மிகவும் பிடித்த மலை, அதனால் இதை ஒரு சார்பு என்றே வைத்துக்கொண்டு படியுங்கள். கிழக்குப் பக்கத்தில், ஹாக்ஸ் பே சமவெளியிலிருந்து ஏறும் சன்ரைஸ் ஹட்டுக்கு வெலிங்டனிலிருந்து மூன்றரை மணி நேரம் கார், பிறகு இரண்டரை மூன்று மணி நேர நடை. சாய்வு மென்மையானது, சிறு பிள்ளைகளோடு வருபவர்கள்கூட ஏறும் பாதை. ஹட் மர எல்லையை (அதற்கு மேல் மரம் வளராது) ஒட்டி, 1,280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து இன்னும் அரை மணி நேரம் ஏறினால் ஆர்ம்ஸ்ட்ராங் சேடல், அதாவது இரு முகடுகளுக்கு இடையே உள்ள தாழ்ந்த கணவாய். அங்கே நின்றால் மேற்குப் பக்கம் மரோபேயா ஆற்றின் தலைப்பள்ளங்கள் எல்லாம் திறந்து கிடக்கும்.

தரருவாவில் இல்லாத வசதி இதுதான். மர எல்லைக்கு மேலே புல்லும் குறும்புதரும் நிறைந்த சரிவுகள், நடுவே மண் சரிந்த தழும்புகள், அந்தத் தழும்புகளில் மீண்டும் முளைக்கும் இளந்தளிர். ருவாஹினே நொறுங்கும் பாறையால் ஆன மலை. ஒவ்வொரு பெருமழைக்கும் எங்கோ ஒரு சரிவு இடிந்து விழும், சில ஆண்டுகளில் பச்சை பூக்கும். நவம்பர், டிசம்பரில் மான் அந்தப் பச்சைக்குத்தான் வரும். ஒரு முகட்டில் உட்கார்ந்து பைனாகுலரால் எதிர்ச் சரிவை ஒரு மணி நேரம் நிதானமாகப் பார்ப்பதற்கு அந்தக் காட்டோடு பல ஆண்டுப் பழக்கம் தேவையில்லை. புதிதாக வருபவருக்கு இருக்கும் ஒரே நியாயமான வாய்ப்பு அது.

சன்ரைஸ் ஹட்டிலேயே தங்க வேண்டாம் என்பேன். சனிக்கிழமை அங்கே குழந்தைகளும் பள்ளிக் குழுக்களும் நிறைந்திருக்கும். துப்பாக்கியோடு அந்தக் கூட்டத்தில் உட்காருவது யாருக்கும் இதமாக இராது. சேடலைத் தாண்டி மேற்கே இறங்கினால் டாப் மரோபேயா என்ற சிறிய பழைய ஹட் இருக்கிறது. சன்ரைஸிலிருந்து ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். படுக்கைகள் சிலவே, இடம் இல்லாவிட்டால் கூடாரம் கையில் இருக்கட்டும். அங்கே இறங்கிவிட்டால் ஹட்டின் வாசலே வேட்டைக் களம், சனி அந்தியும் ஞாயிறு விடியலும் ஒரு நிமிடம்கூட நடையில் போகாது.

இதில் ஓர் ஆபத்து உண்டு. சேடலில் காற்று பலமாக அடிக்கும் நாளில் அதைத் தாண்டித் திரும்ப முடியாது. அந்தக் கணவாயின் பெயரே 1935-ல் சிறு விமானத்தோடு அங்கே விழுந்த ஹேமிஷ் ஆர்ம்ஸ்ட்ராங் என்பவரால் வந்தது. விமானம் கிடைத்தது, அவர் கிடைக்கவில்லை. ஞாயிறுக்குக் கடுங்காற்று முன்னறிவிப்பு இருந்தால் மேற்கே இறங்காமல் சன்ரைஸ் பக்கத்துக் காட்டு விளிம்போடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மேற்குப் பக்கத்தில் ரங்கிவாஹியா ஹட் இன்னொரு வழி. கார் நேரம் சற்றுக் குறைவு, நடை ஏறக்குறைய அதே அளவு, மேலே அழகான புல்வெளி முகடு. ஆனால் அந்த முகட்டில் நடைபயணக்காரர்களும் அதிகம், மேற்குக் காற்று முதலில் மோதுவதும் அங்கேதான். தெற்கு ருவாஹினே பக்கம் போகவே வேண்டாம். லெதர்வுட் அங்கே தரருவாவைப் போலவே மூடிக் கிடக்கிறது.

கவேகா வேறு வகை. இங்கே சிவப்பு மானோடு சிக்கா மானும் உண்டு. 1905-ல் டாப்போ அருகே விடப்பட்ட ஜப்பானிய இனம், இப்போது கவேகா, கைமனாவா மலைகள் முழுக்கப் பரவியிருக்கிறது. நெருக்கமாக மான் இருக்கும் இடம் என்றால் மூன்றில் இதுதான், சந்தேகமே இல்லை. உச்சிப் பகுதியின் மலை பீச் காடுகள் புதிய மரக்கன்று இல்லாமல் மெலிந்துபோனதற்கு சிக்காவின் மேய்ச்சல் ஒரு முக்கியக் காரணம் என்பதால், இங்கே ஒரு பெட்டையைச் சுட்டுவருவது கொம்பு மானைச் சுடுவதை விடக் காட்டுக்கு அதிகம் உதவும்.

கார் நேரம்தான் இடிக்கிறது. வெலிங்டனிலிருந்து ஐந்து மணி நேரத்தை ஒட்டி ஆகும், கடைசிப் பகுதி மண்சாலை. 2023 பிப்ரவரியில் வந்த கேப்ரியல் புயல் ஹாக்ஸ் பே பகுதியின் சாலைகளையும் மலைப்பாதைகளையும் மோசமாக உடைத்தது. எந்தப் பாதைமுனை திறந்திருக்கிறது என்று டாக் அறிவிப்பைப் பார்க்காமல் கிளம்பாதீர்கள். ஆனால் அந்த நீண்ட பயணத்துக்கு ஈடாக ஒன்று கிடைக்கிறது. மகாஹு சேடல் பாதைமுனை ஏற்கெனவே நல்ல உயரத்தில் இருக்கிறது, ஹட் காரிலிருந்து சில நிமிட நடைதான். நள்ளிரவில் போய்ச் சேர்ந்தாலும் சனி விடியலில் வேட்டையில் நிற்கலாம். மூன்று பொழுதும் கையில் வருவது இங்கே மட்டும்தான். அங்கிருந்து 1,724 மீட்டர் உயரமான கவேகா ஜே உச்சிக்கு மூன்று மணி நேரத்துக்குள் ஏறிவிடலாம் என்றாலும், வேட்டைக்கு உச்சிவரை போக வேண்டிய அவசியமில்லை.

சிக்காவைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். சிவப்பு மான் மிரண்டால் ஓடும், சற்றுத் தூரத்தில் நின்று திரும்பிப் பார்க்கும். அந்த ஒரு நொடி உங்களுக்குக் கிடைக்கும். சிக்கா அப்படியல்ல. நீங்கள் நெருங்கும்வரை புதருக்குள் அசையாமல் இருந்துவிட்டு, கூர்மையான சீட்டியடித்துக்கொண்டு பாய்ந்துவிடும். அந்தச் சத்தத்தில் அந்தப் பள்ளத்தாக்கில் உள்ள மற்ற மான்களும் விழித்துக்கொள்ளும். நிறைய மான் இருந்தும் வெறுங்கையோடு திரும்புகிறவர்கள் கவேகாவில் அதிகம்.

இனி, தூக்கிவருவது. இதைத்தான் பலரும் கடைசியில் யோசிக்கிறார்கள். வளர்ந்த சிவப்புப் பெட்டை ஒன்றை எலும்பு நீக்கி எடுத்தால் சுமார் முப்பது கிலோ இறைச்சி. ஏற்கெனவே உங்கள் பையில் படுக்கை, உணவு, மழையுடை, துப்பாக்கி எல்லாம் சேர்த்துப் பதினைந்து கிலோவுக்குக் குறையாது. நாற்பத்தைந்து கிலோவைத் தனி ஆளாக வேர்கள் நிறைந்த ஈரச் சரிவில் இறக்குவது முழங்காலுக்குச் செய்யும் கேடு. சிக்கா பெட்டை என்றால் அதில் பாதியை ஒட்டித்தான். ஒருவர் ஒரே நடையில் கொண்டுவரலாம். இந்தக் கணக்கில் கவேகாவுக்கு நல்ல மதிப்பெண். ருவாஹினேயில் மரோபேயா பக்கம் சுட்டால் சேடலுக்கு ஏறித்தான் ஆக வேண்டும் என்பதால் இரண்டு பேராகப் போங்கள். அட்டிஃபகாட்டு பாதை சமதளம் என்பதால் தூக்குவதற்கு மூன்றிலும் எளிது. அங்கே மான் அகப்படுவதுதான் கடினம்.

கோடையில் ஈ இன்னொரு எதிரி. டிசம்பர் வெயிலில் மூடாமல் வைத்த இறைச்சியில் சீக்கிரமே முட்டையிட்டுவிடும். மெல்லிய துணிப்பை எடுத்துப்போய், இறைச்சியை அதில் போட்டு, ஓடைக்கு மேலே நிழலில் காற்றாடத் தொங்கவிடுங்கள். பிளாஸ்டிக் பையில் சூட்டோடு அடைத்தால் கெட்டுவிடும்.

பருவமும் இந்தத் தேர்வை மாற்றும். மார்ச் கடைசியிலிருந்து ஏப்ரல் வரை சிவப்பு ஆண் மான்கள் இணை தேடி உறுமும் காலம். சிக்காவுக்கு அது இரண்டு மூன்று வாரம் தள்ளி வரும். சத்தத்தைத் தேடிப் போகலாம் என்பதால் தரருவாவின் அடர்காட்டில்கூட அப்போது வாய்ப்பு கூடுகிறது. ஆனால் அதே காலத்தில்தான் எல்லா வேட்டைக்காரர்களும் காட்டில் இருப்பார்கள், மானைப் போல உறுமிக்கொண்டு. பதில் உறுமல் கேட்டதும் அது மான் என்று முடிவுகட்டியவர்களால் மனிதர்கள் செத்திருக்கிறார்கள். இலக்கு எதுவென்று ஐயத்துக்கே இடமில்லாமல் தெரிந்த பிறகுதான் சுட வேண்டும் என்பது நியூசிலாந்துத் துப்பாக்கிப் பாதுகாப்பு விதிகளில் ஒன்று. அசைவு, நிறம், சத்தம், கொம்பின் ஒரு துண்டு எதுவும் போதாது. தலை, கழுத்து, உடல் என்று முழுதாகத் தெரிய வேண்டும். முதல் பயணத்தை உறுமல் காலத்தில் வைக்காதீர்கள் என்றே சொல்வேன். குளிர்காலம் நல்லதுதான், ஈயும் இல்லை. வடக்கு நோக்கிய சரிவுகளில் (தென்கோளத்தில் வெயில் வடக்கிலிருந்துதான் வரும்) மான் பகலிலேயே குளிர்காயும். ஆனால் ஜூனில் விடிய எட்டு மணி ஆகிறது, ஐந்துக்கு இருட்டுகிறது, முகடுகளில் பனிக்கட்டி. இரவு வேட்டை பொது நிலத்தில் தடை என்பதால் வெளிச்சம் போனால் அன்றைய வேட்டை முடிந்தது.

எந்த மலைக்குப் போனாலும் சில விஷயங்கள் பொது. கைபேசி பெரும்பாலும் எடுக்காது, அதனால் செயற்கைக்கோள் வழியாக உதவி கேட்கும் பீக்கன் கருவி அவசியம், வாடகைக்கும் கிடைக்கும். எலி, போஸம், ஸ்டோட் போன்ற சிறு விலங்குகளின் ஒழிப்புக்காக 1080 என்ற நஞ்சு தூவப்படும் பகுதிகள் உண்டு. டாக் வெளியிடும் நஞ்சுப் பட்டியலைப் பார்த்து, அந்தப் பகுதி மானை எடுக்காதீர்கள். ஹட்டுக்குள் நுழையும் முன் தோட்டாவை வெளியே எடுத்து, துப்பாக்கியின் போல்ட்டைக் கழற்றிவிடுங்கள். உரிமம் இல்லாத நண்பர் ஒருவர் உடன் வந்தால், உரிமம் உள்ளவர் பக்கத்திலேயே நின்று கண்காணித்தால்தான் அவர் துப்பாக்கியைத் தொடலாம்.

என் தேர்வு இது. சாதாரண இரண்டு நாள் வார இறுதி, நவம்பர் கடைசி அல்லது டிசம்பர், இரண்டு பேர், காற்று குறைவான முன்னறிவிப்பு என்றால் ருவாஹினே கிழக்கு, சேடலுக்கு அப்பால். அக்டோபர் கடைசியில் வரும் தொழிலாளர் தின விடுமுறை, ஜூன் தொடக்கத்தில் வரும் மன்னர் பிறந்தநாள் விடுமுறை போன்ற மூன்று நாள் வார இறுதியானால் கவேகா; திங்கட்கிழமை முழுக்கக் கார் ஓட்டக் கிடைப்பதால் அந்தத் தூரம் வலிக்காது. தரருவாவை ஒரு வார இறுதிக்காகத் தேர்ந்தெடுக்க மாட்டேன், ஆனால் ஓர் ஆண்டு முழுக்கப் பல வார இறுதிகள் ஒரே பள்ளத்தாக்குக்குப் போகத் தயார் என்றால் அதைத்தான் தேர்ந்தெடுப்பேன். இரண்டு மணி நேரத்தில் போகக்கூடிய ஒரு காட்டைத் திரும்பத் திரும்ப நடந்து பழகியவருக்கு அது தரும் மான், தூரத்து மலை ஒருமுறை தருவதை விட உறுதியானது.

வெள்ளிக்கிழமை மதியம் மலைப்பகுதிக்கான முன்னறிவிப்பை இன்னொரு முறை பாருங்கள். உச்சிக் காற்று கடுமை என்றால் ருவாஹினே திட்டத்தை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவிட்டு, அட்டிஃபகாட்டு பள்ளத்தாக்கின் காட்டுக்குள் நடந்துவிட்டு வரலாம். அப்புறம், ஞாயிறன்று எத்தனை மணிக்குப் பிறகு சுடுவதில்லை என்பதைச் சனிக்கிழமையே இருவரும் பேசி முடிவுசெய்துகொள்ளுங்கள். சேடலுக்கு அப்பால் இருந்தால் காலை ஒன்பது மணி என்று வைப்பது நல்லது. அதற்குப் பிறகு எவ்வளவு அருமையான மான் எதிர்ச் சரிவில் நின்றாலும், அதை உரித்து, வெட்டி, முகட்டுக்கு ஏற்றி, வெளிச்சம் இருக்கும்போதே காருக்குக் கொண்டுவந்து, மூன்றரை மணி நேரம் தூங்காமல் ஓட்டி வீடு சேர நேரம் போதாது.